தன்பாலினத் திருமணம்: உனக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

கரிசல் எழுதியது:

சுப்ரியோ வழக்கின் சீராய்வு மனுக்களை உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 9 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கேட்டுப் போன வழக்கு கோர்ட்டைப் பொறுத்தவரை இப்போதைக்கு முடிந்த மாதிரிதான். தீர்ப்பு சரியா தப்பா என்று வேறு இழைகளில் நிறையப் பேசியாகிவிட்டது. எனக்கு உறுத்துவது நாம் இதைப் பேசிய விதம்.

முதலில் எதிர்த்தவர்கள் பக்கம். 2023 ஏப்ரலில் விசாரணை நடந்துகொண்டிருந்தபோது இந்திய பார் கவுன்சில் ஒரு தீர்மானம் போட்டது. நாட்டில் 99.9 சதவீதத்துக்கும் மேலானவர்கள் இதை எதிர்க்கிறார்கள் என்று அதில் எழுதியிருந்தது. யாரிடம் கேட்டார்கள், எந்த ஊரில் கேட்டார்கள்? சாட்சியம் இல்லாமல் ஒரு வார்த்தையைக்கூட ஏற்கக் கூடாது என்று படித்து வந்தவர்களின் அமைப்பு அது. மத்திய அரசோ ‘நகரத்து மேட்டுக்குடிகளின் பார்வை’ என்று மனுவில் எழுதியது. அதே ஆட்கள் சாதி மறுப்புத் திருமணம் என்று வந்தால், “ஊர் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன, சட்டம் இருக்கிறது” என்பார்கள். அது சரியான பேச்சு. இங்கே மட்டும் ஊர் பெரிதாகிவிடுகிறது.

அடுத்து நம் பக்கம். நான் ஆதரிக்கிறவன், அதனால் ‘நம்’ என்கிறேன். தீர்ப்பு வந்த 2023 அக்டோபர் 17 அன்று, நான் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், குழந்தை தத்தெடுப்பது பற்றித் தனக்குச் சந்தேகம் இருக்கிறது என்று இரண்டு வரி எழுதினார். அரைமணி நேரத்தில் அவரைச் சாதி வெறியர், மதவெறியர், காட்டுமிராண்டி என்று எல்லாமே சொல்லியாயிற்று. அவர் கேட்டதற்கு ஒருத்தர்கூடப் பதில் எழுதவில்லை. இரவு குழுவை விட்டு வெளியேறிவிட்டார். அந்தக் குழுவில் எந்நேரமும் கருத்துச் சுதந்திரம் பற்றித்தான் பேச்சு.

என் நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் பாட்டிக்கு நடந்தது சுயமரியாதைத் திருமணம். புரோகிதர் இல்லை, ஓமம் இல்லை. ஒரு மேடை, இரண்டு மாலை, நீண்ட சொற்பொழிவுகள். முதல் சுயமரியாதைத் திருமணம் 1928ல் எங்கள் பக்கம் சுக்கிலநத்தத்தில் நடந்தது. 1953ல் சென்னை உயர் நீதிமன்றம், இப்படி நடக்கும் திருமணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. சாஸ்திரச் சடங்கும் இல்லை, காலங்காலமாக வரும் வழக்கமும் இல்லை என்பது காரணம். 1967ல் அண்ணா முதல்வராக இருந்தபோதுதான் இந்து திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்து, அதுவரை நடந்தவையும் செல்லும் என்றார்கள். ஏறத்தாழ 40 வருடம். அதுவரை என் பாட்டி போன்றவர்கள் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை, பிள்ளைகள் முறையான வாரிசு இல்லை.

இந்த வரலாற்றைப் பெருமையாகப் பேசும் தமிழர்கள் இன்னொருவரைப் பார்த்து “இது நம் வழக்கத்தில் உண்டா?” என்று கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள். திட்டாமல் பேசுவோம்.

தாமிரபரணி எழுதியது:

கரிசல் தம்பி, நேர்மையாக ஆரம்பித்ததால் நானும் நேராகவே சொல்கிறேன். நான் எதிர்க்கிறவன். எங்கள் ஊர்க் கோயில் திருப்பணிக் கமிட்டியில் இருக்கிறேன்.

2018 செப்டம்பரில், தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377வது பிரிவு விஷயத்தில் தீர்ப்பு வந்தபோது எனக்கு அதில் ஆட்சேபணையே கிடையாது. இரண்டு பெரியவர்கள் மனமொத்து இருக்கும் அறைக்குள் போலீஸ் எட்டிப் பார்ப்பது அநியாயம். ஆனால் கல்யாணம் என்பது அறைக்குள் முடிகிற காரியம் இல்லை. தாய்மாமன் மாலை போடுகிறார், நாத்தனார் மூன்றாம் முடிச்சுப் போடுகிறாள், சம்பந்தி வீட்டார் எதிரெதிரே உட்கார்கிறார்கள். ஓர் ஆணும் பெண்ணும் சேர்வதால் யார் யாருக்கு என்ன முறை என்று இரண்டு குடும்பத்திலும் புதிதாக எழுதுகிறோம். இதை மாற்ற வேண்டுமென்றால் ஊரிடம் கேட்க வேண்டும். ஐந்து நீதிபதிகள் சொல்லி நடக்கக் கூடாது.

நீங்கள் சொன்ன உதாரணமே என் பக்கம்தான் பேசுகிறது. சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமன்றம் அல்லவா ஏற்றது? 40 வருடம் மேடை மேடையாகப் பேசி, தேர்தலில் ஜெயித்து, அப்புறம் சட்டம் போட்டார்கள். அதே வழியில் வரட்டும், நான் தோற்றால் ஒத்துக்கொள்கிறேன்.

இதைச் சொன்னதற்கு என் அண்ணன் பேரன், “தாத்தா, நீங்கள் வெறுப்பை விதைக்கிறீர்கள்” என்றான். என் கருத்து தப்பு என்று காட்டினால் கேட்டுக்கொள்வேன். என் மனசு அழுக்கு என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

செம்பருத்தி எழுதியது:

ஐயா, உங்கள் மனசு பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. ஆனால் ‘கருத்துதானே’ என்று இதை விட்டுவிட முடியாது.

2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஓர் ஆட்கொணர்வு மனு. 25 வயதுப் பெண்ணை வீட்டார் கட்டாயமாகக் கூட்டிப்போய் அடைத்துவைத்தார்கள். அடி, உதை, ‘இயல்பாக’ மாற்றச் சடங்குகள். போலீஸ் அந்தப் பெண்ணைக் காப்பாற்றுவதற்குப் பதிலாகப் பெற்றோருடன் போகச் சொன்னது. மனுப் போட்ட தோழி, தான் இணையர் என்று மனுவில் எழுதக்கூடத் தயங்கி ‘நெருங்கிய தோழி’ என்றுதான் எழுதியிருந்தார். அந்தத் தயக்கம் புரிகிறது என்று நீதிபதிகளே சொன்னார்கள். அந்த அப்பா அம்மாவிடம் ‘ஏன் இப்படிச் செய்தீர்கள்’ என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? குடும்பம், முறை, ஊர் என்றுதான் சொல்வார்கள். நீங்கள் சொன்ன அதே வார்த்தைகள்.

வாட்ஸ்அப்பில் திட்டு வாங்கியதும் வீட்டில் அடைபட்டு அடி வாங்கியதும் சமமா, கரிசல்? இரண்டு பக்கமும் தப்பு என்று சொல்லும்போதே எடை சாய்ந்துவிடுகிறது.

கரிசல் எழுதியது:

சமம் இல்லை. சமம் என்று நான் எழுதவும் இல்லை. ஆனால் பெரிய தப்பு ஒன்று எதிரே இருப்பதால் நம் தப்பைப் பேசவே கூடாது என்பதும் சரியில்லை. அந்த ஆசிரியர் யாரையும் அடைத்துவைக்கவில்லை. கேள்வி கேட்டார். அடைத்துவைத்தவர்கள் மேல் வரவேண்டிய கோபத்தை அவர் மேல் காட்டினோம், அவர் கையெட்டும் தூரத்தில் இருந்ததால்.

கோர்ட்டு வாசல் எழுதியது:

கொஞ்சம் சட்டம் பேசுகிறேன், தேவைப்படும்.

தாமிரபரணி ஐயா சொல்கிற ‘நாடாளுமன்றம் முடிவு செய்யட்டும்’ என்பதைத்தான் சுப்ரியோ தீர்ப்பும் சொன்னது. திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை இல்லை என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்று. இணையராக வாழ்வதற்குச் சட்ட ஏற்பு கோரும் உரிமை உண்டா என்பதில்தான் பிரிந்தார்கள்: சந்திரசூட், கவுல் உண்டு என்றார்கள், ரவீந்திர பட், ஹிமா கோலி, நரசிம்மா இல்லை என்றார்கள். 3க்கு 2. ‘நகரத்து மேட்டுக்குடி’ வாதத்தை அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் தன் தீர்ப்பில் விரிவாகவே மறுத்திருக்கிறார்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று. தீர்ப்புக்குச் சில வாரங்கள் முன்பு, 2023 ஆகஸ்ட் 28 அன்று, இளவரசன் என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் நம் 7அ பிரிவைப் பற்றிப் பேசியது. வக்கீல் அறையில் நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்ற உயர் நீதிமன்ற நிலைப்பாட்டை ரத்து செய்தது. குடும்ப எதிர்ப்புக்கும் மிரட்டலுக்கும் பயந்து திருமணம் செய்கிறவர்களை ஊரறியச் செய் என்று கட்டாயப்படுத்தினால் உயிருக்கே ஆபத்தாகும் என்பது அதன் சாரம். அந்த அமர்வில் இருந்தவரும் நீதிபதி ரவீந்திர பட்தான். ‘கல்யாணம் ஊர் நிகழ்வு’ என்ற ஐயாவின் வாதத்துக்கு அந்தத் தீர்ப்பு ஒரு பதில். ஊர் சாட்சியாக வராமலும் இங்கே கல்யாணம் செல்லும்.

இன்னொரு இரட்டை நியாயத்தையும் சொல்ல வேண்டும். சுப்ரியோ மனுதாரர்கள் கேட்டது 1954ன் சிறப்புத் திருமணச் சட்டத்தில் இடம். அந்தச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பு என்று ஒன்று இருக்கிறது. பெயர், வயது, தொழில், முகவரி எல்லாம் எழுதிய தாளைச் சார்பதிவாளர் அலுவலகச் சுவரில் ஒட்டுவார்கள். நான் பார்த்த அலுவலகம் ஒன்றில் பத்திரம் பதிய வந்தவர்கள் பொழுதுபோகாமல் நின்று அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் போனில் படமும் எடுத்தார். மதம் மாறி, சாதி மாறிக் கட்டுகிறவர்கள் இதற்குப் பயந்தே இந்தச் சட்டத்தின் பக்கம் வருவதில்லை. சுப்ரியோ விசாரணையில் இந்த அறிவிப்பைப் பற்றியும் பேச்சு வந்தது. அதற்கு முன் இத்தனை வருடம் அதை எதிர்த்துக் குரல் கொடுத்த முற்போக்காளர்கள் எத்தனை பேர்? தன் பிரச்சினையாக வரும்வரை அடுத்தவன் பிரச்சினை கண்ணில் படுவதில்லை, அது எல்லாப் பக்கத்திலும் உண்டு.

மேற்கு சிட்னி எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்ப பாரமட்டா பக்கம் இருக்கிறன். கரிசல் அண்ணா கேட்ட கேள்வியை நாங்கள் 2017ல் தபாலில் சந்திச்சம்.

அந்த வருசம் அவுஸ்திரேலிய அரசாங்கம் வாக்காளர் எல்லாருக்கும் ஒரு தாள் அனுப்பினது. தன்பாலினத்தவர் திருமணம் செய்ய இடம் கொடுத்துச் சட்டத்தை மாற்றலாமா? ஆம், இல்லை, ரெண்டு பெட்டி. நாடு முழுக்க 61.6 சதவீதம் ஆம். எங்கட பாரமட்டா தொகுதியில் அதே 61.6 சதவீதம், ஆனால் இல்லை என்று. பக்கத்து கிரீன்வேயில் 53.6 இல்லை. பிளாக்ஸ்லண்டில் 73.9. இல்லை என்று சொன்ன 17 தொகுதிகளில் 12 மேற்கு சிட்னியில் இருந்தது. முழுக்கக் குடிவந்த சனம் இருக்கிற இடங்கள். எந்தச் சமூகம் எப்படிப் போட்டது என்று இந்தக் கணக்கு சொல்லாது, அதனால் தமிழர் மேல் பழியைப் போட நான் வரேல்லை. ஆனால் எங்கட கதைகளை நான் கேட்டனான்.

ஒரு கோயிலுக்கு அனுமதி கேட்கிற நேரம், தேருக்கு வீதியை மறிக்கக் கேட்கிற நேரம், நாங்கள் சொல்லுறது இதுதான்: “உங்களுக்குப் பிடிக்கவேணும் என்று இல்லை, இது எங்கட உரிமை.” அதைக் கேட்டு வெள்ளைக்காரர் தலையாட்டினவை. எங்கட அதே ஆக்கள் அந்தத் தாளைக் கையில் வைச்சுக்கொண்டு “எங்களுக்குப் பிடிக்கேல்லை, அதனால் வேண்டாம்” என்று சொன்னதை நான் சாப்பாட்டு மேசையில் இருந்து கேட்டன். அகதியாய் வந்து, பெரும்பான்மை என்ன செய்யும் என்று உடம்பில் அனுபவிச்ச சனம். இலங்கையில் தன்பாலுறவைக் குற்றமாக்கிற 365, 365அ பிரிவுகள் இன்னும் சட்டப் புத்தகத்தில் கிடக்கு. அதுக்குப் பயந்து வந்த பெடியன் ஒருத்தனும் எங்கட சபையில்தான் இருந்தவன்.

இப்ப மற்றப் பக்கம். முடிவு வந்த கிழமை, பல்பண்பாடு என்று வாய் நிறையச் சொல்லுற சிலர், “இந்தக் குடியேறிகள் பின்தங்கினவை, எங்கட நாட்டின் மதிப்பு தெரியாதவை” என்று எழுதத் தொடங்கினவை. ஒரே நாளில் நாங்கள் ‘இந்த ஆக்கள்’ ஆகிப்போனம். வாக்குச் சீட்டில் என்ன போட்டனான் என்று கேளாமலே அலுவலகத்தில் ஒருத்தர் எனக்குப் பாடம் எடுத்தவர். நான் ஆம் என்று போட்டவன்.

அதே 2017 மார்ச்சில் கூப்பர்ஸ் பியர்க் கொம்பனி கதை. பைபிள் சங்கம் ஒரு வீடியோ போட்டது. ரெண்டு எம்.பி.மார், ஒருத்தர் ஆதரவு, ஒருத்தர் எதிர்ப்பு, பியர் குடிச்சுக்கொண்டு மரியாதையாய்க் கதைக்கினம். ஆதரிச்சவர் தன்பாலீர்ப்பாளர். அவ்வளவுதான் வீடியோ. சில மதுச்சாலைகள் அந்தப் பியரை நிப்பாட்டிச்சினம், கொம்பனி மன்னிப்புக் கேட்டது. மரியாதையாய்க் கதைச்சதே குற்றம் எண்டால் பிறகு என்ன வழி மிச்சம்?

தாமிரபரணி எழுதியது:

சிட்னி தம்பி சொன்ன முதல் பாதி என்னைக் குத்துகிறது. எங்கள் பக்கமும் கும்பாபிஷேக ஊர்வலத்துக்கு இதே வார்த்தைகளில் மனுக் கொடுத்திருக்கிறோம்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். கோயில் கட்டுவதால் வெள்ளைக்காரர் சர்ச்சின் பொருள் மாறாது. கல்யாணத்தின் பொருளை மாற்றினால் எல்லோருடைய கல்யாணத்துக்கும் மாறும்.

செம்பருத்தி எழுதியது:

கரிசலின் பாட்டி புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றியதால் உங்கள் கல்யாணத்தில் என்ன மாறியது ஐயா? அன்றைக்கும் இதைத்தான் சொன்னார்கள். எல்லாருடைய தாலிக்கும் ஆபத்து என்றார்கள்.

நம் பக்கத்தில் அக்கா மகளைக் கட்டுகிறோம், மாமன் மகளைக் கட்டுகிறோம். வடக்கே பல இடங்களில் கேட்டால் முகம் சுளிப்பார்கள். இந்து திருமணச் சட்டத்தில் மாமனும் அக்கா மகளும் தடைசெய்யப்பட்ட உறவுதான். ‘வழக்கம் இருந்தால் செல்லும்’ என்று நமக்காக ஒரு வாசல் திறந்துவைத்தார்கள். அதனால் அவர்கள் கல்யாணத்தின் பொருள் மாறிவிட்டதா?

தாமிரபரணி எழுதியது:

‘வழக்கம் இருந்தால்’ என்று நீங்களே சொல்கிறீர்களே அம்மா. இங்கே வழக்கம் எங்கே இருக்கிறது?

கரிசல் எழுதியது:

ஐயா, 1953ல் கோர்ட்டு என் பாட்டியைப் போன்றவர்களிடம் கேட்டது அதே கேள்விதான். அதற்காகத்தான் இந்த இழையையே தொடங்கினேன்.

குமரிமுனை எழுதியது:

நான் கிறிஸ்தவக் குடும்பம். திருச்சபை திருமணத்தைத் திருவருட்சாதனம் என்கிறது, அதை நானும் நம்புகிறேன். சிவில் சட்டத்தில் இடம் கொடுப்பதை எதிர்க்கவில்லை. இரண்டும் ஒரே மனசில் இருக்க முடியும் என்று இரண்டு பக்கத்துக்கும் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன்.

பெல்பாஸ்டில் ஆஷர்ஸ் என்று ஒரு கேக் கடை. 2014ல் ஒரு வாடிக்கையாளர் ‘தன்பாலினத் திருமணத்தை ஆதரியுங்கள்’ என்று எழுதிய கேக் கேட்டார். 36 பவுண்டு 50 பென்ஸ். கடைக்காரர் தம் விசுவாசத்துக்கு விரோதம் என்று மறுத்தார். கீழ்க் கோர்ட்டு 500 பவுண்டு இழப்பீடு விதித்தது, மேல்முறையீட்டிலும் கடைக்காரர் தோற்றார். 2018 அக்டோபரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பை மாற்றினார்கள். கேட்டவர் யார் என்பதற்காக மறுக்கவில்லை. அந்த வாசகத்தை யார் கேட்டிருந்தாலும் மறுத்திருப்பார். ஒருவர் நம்பாத கருத்தை அவர் கையால் எழுதவைக்க முடியாது என்றார்கள். அதற்கு முன்பே, 2016ல், பீட்டர் டாட்செல் என்ற மூத்த தன்பாலீர்ப்பு உரிமைப் போராளி, முதலில் கடைக்காரரைக் கண்டித்தவர், நிலையை மாற்றிக்கொண்டு கடைக்காரரின் உரிமைக்காகப் பேசினார். தன்பாலீர்ப்பாளர் ஒருவர் கேக் கடை வைத்திருந்து, தங்களுக்கு எதிரான வாசகத்தை எழுதச் சொன்னால் எழுத வேண்டுமா என்பது அவர் வாதம்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் அப்படியே நடந்தது. மாஸ்டர்பீஸ் கேக் கடை, தன்பாலின ஜோடிக்குத் திருமணக் கேக் செய்ய 2012ல் மறுத்தது; மாநில ஆணையம் அது குற்றம் என்றது. வேறொருவர் மூன்று கடைகளில் தன்பாலின உறவைக் கண்டிக்கும் கேக் கேட்டார், மூன்றும் மறுத்தன. அது சரி என்றது அதே ஆணையம். 2018ல் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று கடைக்காரர் பக்கம் தீர்ப்புச் சொன்னதற்கு ஆணையம் அவர் மதத்தின் மேல் காட்டிய பகைமைதான் காரணம்.

ஆனால் கவனியுங்கள், இரண்டு கேக்கும் ஒன்றல்ல. ஆஷர்ஸில் மறுத்தது வாசகத்தை. கொலராடோவில் எந்த வாசகம் என்று பேசும் முன்பே ஜோடியைத் திருப்பி அனுப்பினார்கள். முதலாவதை நான் ஆதரிப்பேன், இரண்டாவதை மாட்டேன். வாசகத்தை மறுக்கும் உரிமையைக் காட்டி ஆளை மறுப்பதை என் சபையிலேயே சிலர் நியாயப்படுத்துகிறார்கள். அது விசுவாசம் இல்லை.

தேரிக்காடு எழுதியது:

பயர்பாக்ஸ் உலாவியைச் செய்யும் மொசில்லா நிறுவனத்தின் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரெண்டன் ஐக் 2008ல் கலிபோர்னியாவில் தன்பாலினத் திருமணத்தைத் தடைசெய்யும் எட்டாவது முன்மொழிவுக்கு 1000 டாலர் கொடுத்தார். 2014ல் தலைமைப் பொறுப்புக்கு வந்ததும் அது கிளப்பப்பட்டு, இரண்டு வாரத்துக்குள் விலகினார். அலுவலகத்தில் யாரிடமும் பாகுபாடு காட்டியதாக அவர் மேல் புகார் இல்லை. அதே 2008ல் ஒபாமாவும் திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது என்றுதான் சொன்னார். 2012 மே மாதம்தான் மாற்றிக்கொண்டார். ஒருவரைக் கொண்டாடினார்கள், இன்னொருவர் வேலை போனது.

செம்பருத்தி எழுதியது:

முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். ஒபாமா அந்த எட்டாவது முன்மொழிவை எதிர்த்தார். ஐக் அதற்குப் பணம் கொடுத்தார். அந்த 2008 ஜூன் முதல் நவம்பர் வரை சுமார் 18,000 ஜோடிகள் கலிபோர்னியாவில் சட்டப்படி திருமணம் செய்திருந்தார்கள். முன்மொழிவு 52 சதவீதத்தில் ஜெயித்ததும் வாசல் மூடியது. கருத்துச் சொல்வது வேறு, கையில் இருக்கும் உரிமையைப் பறிக்கப் பணம் கொடுப்பது வேறு. என் உரிமையைப் பறிக்கக் காசு கொடுத்தவருக்குக் கீழ் நான் வேலை செய்வேன், ஆனால் எதிர்த்து ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாதா?

அதற்காக அவரை வெளியேற்றியது சரி என்று சொல்ல மாட்டேன். பேசியது உரிமை. வேலையைப் பறிக்கும்வரை போனதில் எனக்கு உடன்பாடில்லை.

தேரிக்காடு எழுதியது:

அந்த 18,000 விவரம் முக்கியமானதுதான். இன்னொன்று. உச்ச நீதிமன்றத்தில் இதை எதிர்த்தவர்களில் மத்திய அரசு மட்டுமா இருந்தது? முஸ்லிம் மத அறிஞர்களின் அமைப்பான ஜமியத் உலமாயி ஹிந்தும் எதிர்த்தது. நம் முற்போக்குப் பக்கங்களில் கண்டனம் யார் மேல் மட்டும் வந்தது என்று தேடிப் பாருங்கள். ஒரு மதத்தவர் சொன்னால் பிற்போக்கு, இன்னொரு மதத்தவர் சொன்னால் அவர்கள் நம்பிக்கையா?

மட்டுறுத்துநர்:

மதங்களை ஒப்பிடும் மூன்று பதிவுகள் நீக்கப்பட்டன. தேரிக்காட்டின் கேள்வி நியாயமானது, அதனால் இருக்கிறது. தொடரலாம்.

மாடிவீட்டுக்காரன் எழுதியது:

இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். நான் தன்பாலீர்ப்பாளன். சென்னையில் என் இணையரோடு வாழ்கிறேன். வீட்டு உரிமையாளருக்கு நாங்கள் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள்.

போன வருடம் என் இணையருக்குக் குடல்வால் வெடித்து நடுராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஆபரேஷன் ஒப்புதல் படிவத்தை நீட்டினார்கள். ‘நோயாளிக்கு உறவு’ என்று ஒரு கட்டம். நான் நண்பர் என்றேன். ரத்த உறவு யாராவது வரவேண்டும் என்றார் கவுன்டரில் இருந்தவர். அவர் கெட்டவர் இல்லை, பொறுமையாகத்தான் சொன்னார். அண்ணன் ஒருவர் இருக்கிறார், எங்களோடு பேசுவதே இல்லை. அவருக்குப் போன் போட்டு, கெஞ்சி, அவர் வாட்ஸ்அப்பில் சம்மதம் அனுப்பும்வரை நான் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ‘உறவினர்’ என்று பொய் எழுதியிருந்தால் உடனே முடிந்திருக்கும். பிறகு ஏதாவது ஆனால் அந்தப் பொய் என்ன ஆகும் என்ற பயம்.

நீங்கள் எல்லோரும் கேக், பியர், வேலை என்று பேசுகிறீர்கள். பேச வேண்டியதுதான். அந்த ஆசிரியரைத் திட்டியது எனக்கும் பிடிக்கவில்லை. என் அப்பாவும் அவரைப் போன்ற ஒருவர்தான், திட்டியிருந்தால் அவர் என்னிடம் மறுபடி பேசியிருக்க மாட்டார். ஆனால் இதைப் பேசி முடித்ததும் நீங்கள் வேறு இழைக்குப் போய்விடுவீர்கள். எனக்கு அந்தக் கட்டம் அப்படியே இருக்கும்.

தாமிரபரணி ஐயா, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் படிவத்தில் நான் கையெழுத்துப் போடுவதையும் எதிர்ப்பீர்களா?

தாமிரபரணி எழுதியது:

இல்லை தம்பி. ஒருகாலும் எதிர்க்க மாட்டேன். கூட இருந்து பார்த்துக்கொள்கிறவன் போடாமல் பேசாத அண்ணன் போடுவதில் என்ன நியாயம்? அவர் இப்போது நலமா?

மாடிவீட்டுக்காரன் எழுதியது:

நலம் ஐயா. நன்றி. இந்த இழையில் அதைக் கேட்டது நீங்கள் ஒருவர்தான்.

கோர்ட்டு வாசல் எழுதியது:

கையெழுத்து, சொத்து பற்றிச் சிலர் தனிமடலில் கேட்டதால் பொதுவிலேயே சொல்கிறேன். சுப்ரியோ தீர்ப்பின்படி மத்திய அரசு 2024 ஏப்ரலில் அமைச்சரவைச் செயலர் தலைமையில் குழு அமைத்தது. அதன்பின் சில அறிவுறுத்தல்கள் வந்தன. கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும், இணையரை நியமனதாரராகக் குறிக்கவும் தடை இல்லை. ரேஷன் கார்டில் ஒரே குடும்பமாகக் கொள்ளலாம். நெருங்கிய உறவினர் இல்லாதபோது இணையர் உடலைப் பெற்றுக்கொள்ளலாம். கடைசியைக் கவனியுங்கள்: உறவினர் இல்லாதபோதுதான். 20 வருடம் கூட வாழ்ந்தவர் பேசாத அண்ணனுக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும்.

உயில் எழுதிப் பதிவு செய்யுங்கள். அதற்கு உறவு தேவையில்லை. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2023 நவம்பரில் ‘குடும்ப இணைவுப் பத்திரம்’ என்ற யோசனையைத் தமிழக அரசின் பரிசீலனைக்கு வைத்தார். இரண்டு பேர் தங்கள் உறவைப் பத்திரமாகப் பதிந்துகொள்வது. 2021ல் இணையராக வாழ்ந்த இரு பெண்களின் வழக்கில், தனக்கு இதில் போதிய புரிதல் இல்லை என்று சொல்லி, உளவியலாளரிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதியவர் அவர்.

தாமிரபரணி எழுதியது:

அந்தப் பத்திரத்தை நான் ஆதரிக்கிறேன். ஆஸ்பத்திரி, வாரிசு, பென்ஷன், வாடகை வீடு எல்லாவற்றுக்கும் சட்டம் வரட்டும். எங்கள் எம்.பி.க்குக் கடிதம் எழுதச் சொன்னால் கையெழுத்துப் போடுகிறேன். திருமணம் என்ற பெயர் மட்டும் வேண்டாம்.

செம்பருத்தி எழுதியது:

எல்லோருக்கும் அதே டீ, இவர்களுக்கு மட்டும் வேறு டம்ளர். நம் ஊரில் இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது ஐயா. பெயர் மட்டும் வேறு என்பதை நான் ஏற்க மாட்டேன்.

தாமிரபரணி எழுதியது:

இரட்டை டம்ளர் என்பது கனமான வார்த்தை அம்மா. அந்தக் கடைகளை மூடவைக்க எங்கள் தெருவில் நின்றவர்களில் நானும் ஒருவன். இதையும் அதையும் ஒன்றாக வைத்தது வலிக்கிறது. ஆனாலும் பதில் உடனே வரவில்லை, யோசிக்கிறேன்.

கோர்ட்டு வாசல் எழுதியது:

பெயர்ச் சண்டைக்கு தைவானில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 2017ல் அரசியல் சாசன நீதிமன்றம் 748ஆம் எண் விளக்கத்தில் உரிமை உண்டு என்றது. 2018 பொதுவாக்கெடுப்பில் சிவில் சட்டத்தைத் தொடக் கூடாது என்று பெரும்பான்மை சொன்னது. 2019 மே மாதம் தனிச் சட்டம் போட்டார்கள். அதன் தலைப்பில் திருமணம் என்ற சொல்லே கிடையாது, ‘748ஆம் எண் விளக்கத்தை நடைமுறைப்படுத்தும் சட்டம்’ அவ்வளவுதான். உள்ளே திருமணப் பதிவு என்றே வருகிறது. ஆசியாவில் முதலில் இடம் கொடுத்தது அவர்கள்தான்.

மாடிவீட்டுக்காரன் எழுதியது:

செம்பருத்தி சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு. வேறு பெயர் கொடுத்தால் எனக்கும் குறையாகத்தான் இருக்கும். ஆனால் ஐயா கையெழுத்துப் போடுகிற கடிதம் எனக்கு இப்போதே வேண்டும். அடுத்த ஆஸ்பத்திரிப் படிவம் எப்போது வரும் என்று தெரியாது.

செம்பருத்தி எழுதியது:

சரி. கடிதத்துக்கு என் கையெழுத்தும் உண்டு. பெயர் பற்றி நான் தனியாக இன்னொரு கடிதம் அனுப்புவேன், அதில் ஐயா கையெழுத்தை எதிர்பார்க்கவில்லை.

கரிசல் எழுதியது:

அப்படியே செய்வோம். பொதுக் கடிதத்தில் நான்கு விஷயம்: மருத்துவ ஒப்புதல், உடலைப் பெறும் உரிமையில் இணையருக்கு முதலிடம், பென்ஷன், குடும்ப இணைவுப் பத்திரம். அதோடு 30 நாள் அறிவிப்பை எடுக்கச் சொல்லும் ஒரு பத்தியும் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன், அது எல்லா ஜோடிகளுக்கும் பொது. குமரிமுனை, நம்பாத வாசகத்தை எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒரு வரி வேண்டுமென்றால் நீங்களே எழுதித் தாருங்கள். நான் எதிர்க்க மாட்டேன். அந்த ஆசிரியரின் எண் என்னிடம் இருக்கிறது, தத்தெடுப்பு பற்றிய அவர் கேள்விக்குப் பதிலோடு இந்த வரைவையும் அவருக்கு அனுப்புகிறேன்.

உயில் பத்தியைக் கோர்ட்டு வாசல் அக்கா ஒருமுறை பார்த்துத் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் முதல் வரைவை இங்கேயே போடுகிறேன்.